ஏற்காடு பழகிய கால்கள், வட அந்தமான் கரை: முதல் பயணத்துக்கு என்ன தயாரிப்பு?

கேள்வி இது: சேலத்திலிருந்து நான்கு பேர் பிப்ரவரி நடுவில் வட அந்தமானுக்குப் போகிறார்கள். திக்லிபூர், காலிபூர் கரை, லாமியா பே வழியாகக் காட்டுப் பாதை, முடிந்தால் சேடில் பீக் மலையின் உச்சி. இதுவரை நடந்த நடையெல்லாம் ஏற்காட்டில்தான். என்ன வாங்க வேண்டும், எப்படிப் பழக வேண்டும்?

கேள்வியோடு தந்திருந்த பட்டியலில் பெரிய கத்தி, கூடாரம், பாம்புக்கடி உறிஞ்சு குழாய் எல்லாம் இருந்தன. மாற்றுக் காலுறையும் அலை அட்டவணையும் இல்லை. மழைக்காட்டுக் கரையில் முதல்முறை போகிறவர்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் பாம்போ முதலையோ அல்ல. ஊறிப்போன பாதம், எதிர்பாராத நேரத்தில் ஏறிய கடல், நினைத்ததற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்ட இருட்டு, இந்த மூன்றும்தான். எனவே தயாரிப்பையும் இந்த மூன்றிலிருந்தே தொடங்குங்கள். கத்தி வேண்டாம். சேடில் பீக் இருப்பது தேசியப் பூங்காவில், அங்கே கிளை வெட்டக் கூடாது. கூடாரமும் வேண்டாம். அனுமதியில்லாமல் கரையில் இரவு தங்க முடியாது, திக்லிபூரிலும் காலிபூரிலும் தங்கும் விடுதிகள் உண்டு. உறிஞ்சு குழாயால் விஷம் வெளியே வராது, காயம்தான் பெரிதாகும்.

ஈரத்தை முதலில் பார்ப்போம். சேலத்தில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 1000 மி.மீ. அந்தமானில் ஏறக்குறைய 3000 மி.மீ. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே மழை குறைந்த காலம் என்பதால் பிப்ரவரி நல்ல தேர்வு. ஆனால் மழை இல்லை என்பதற்குக் காற்று காய்ந்திருக்கிறது என்று பொருளில்லை. சேலத்து வெயிலில் சட்டையில் உப்புப் பூக்கும், ஏனென்றால் வியர்வை உடனே ஆவியாகிறது. உடம்பு குளிர்வதும் அந்த ஆவியாதலால்தான். அந்தமான் காட்டுக்குள் வெப்பமானி 30 டிகிரிதான் காட்டும், ஆனால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டே இருக்கும், உடம்பு மட்டும் குளிராது. 38 டிகிரி சேலத்தில் நடக்கிறவர் 30 டிகிரி காட்டில் தலைசுற்றி உட்கார்வது இதனால்தான்.

இதற்கு ஏற்காடு பயிற்சி ஆகாது. மலை குளுமையானது, கால்களுக்கு வேலை கொடுக்கும், வெப்பத்துக்கு உடம்பைப் பழக்காது. இரண்டையும் பிரித்துச் செய்யுங்கள். கால்களுக்கு: வாரம் ஒருமுறை கிளியூர் அருவிக்கு இறங்கி ஏறலாம், அல்லது ஊத்துமலைப் படிகளில் முதுகுப்பையோடு மூன்று நான்கு முறை ஏறி இறங்கலாம். சேடில் பீக் 732 மீட்டர்தான். ஆனால் தொடங்குவது கடல் மட்டத்தில். சேலம் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டரை ஒட்டி. அடிவாரத்திலிருந்து மலைச்சாலை ஏறும் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கால்நடையாக, வேர்ப்படிகளில் ஏறி, அன்றே இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும். அதனால் பயிற்சியில் இறங்குவதை வேகமாகச் செய்யாமல் நிதானமாகச் செய்து தொடைத் தசையை வலுவாக்குங்கள். ஏற்காட்டுக் காப்புக்காட்டுப் பாதைகளில் நுழைவதானால் வனத்துறை அனுமதி தேவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெப்பத்துக்கு: கிளம்புவதற்கு முந்தைய 10 முதல் 14 நாட்கள், சேலம் சமவெளியில், பிற்பகல் 3 மணிவாக்கில் தினமும் ஒரு மணி நேரம் வேக நடை. முழுக்கைச் சட்டைக்கு மேல் இன்னொரு மெல்லிய சட்டை போட்டால் வியர்வை வெளியே போகாமல் அந்தமான் நிலை ஓரளவு வரும். இப்படிச் செய்தால் வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், இதயத் துடிப்பு மட்டுப்படும். இந்தப் பழக்கம் ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும் என்பதால் டிசம்பரில் செய்து பயனில்லை. இதய நோய், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டபின் செய்யுங்கள்.

தண்ணீர் உச்சிக்குப் போகும் நாளில் ஆளுக்கு 4 முதல் 5 லிட்டர். இதில் 2 லிட்டராவது ஓ.ஆர்.எஸ். கலந்ததாக இருக்க வேண்டும். ஒரு பெரிய பாக்கெட்டுக்கு சரியாக 1 லிட்டர், அரை லிட்டரில் கரைத்தால் வயிறு கலங்கும். பாக்கெட் தீர்ந்தால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பது தவறு, ரத்தத்தில் உப்பு குறைந்து வாந்தியும் குழப்பமும் வரும். சாப்பாட்டுக்குப் புளிசாதம் தாங்கும், தயிர்சாதம் அந்தப் புழுக்கத்தில் மதியத்துக்குள் புளித்துவிடும். சேலத்துத் தட்டுவடையை ஆசையாக எடுத்துப் போவீர்கள். சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுங்கள், பிரித்த கொஞ்ச நேரத்தில் நமத்துப்போகும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் நன்றாகத் தாங்கும்.

பாதத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இந்தப் பாதையில் கடல் நீர், ஓடை, சேறு மூன்றும் மாறிமாறி வரும். நீர்புகா ஷூ வாங்கினால் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போகாது. எஸ்டேட்டில் போடும் ரப்பர் கம்பூட்டும் அப்படித்தான். முழங்கால் வரை நனைந்தால் இரண்டு வாளிகளைக் காலில் மாட்டி நடப்பதாகிவிடும். தோல் ஷூ இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். சரியானது, ராணுவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் கணுக்கால் உயரக் கான்வாஸ் ஷூ. ரப்பர் அடி, ஆழமான பள்ளங்கள், விலை குறைவு. தண்ணீர் புகும், நாலு எட்டில் வெளியேறும். அரை அளவு பெரிதாக வாங்குங்கள், வெப்பத்தில் பாதம் வீங்கும். குறைந்தது 40 கி.மீ. நடந்து பழக்கிய பிறகே எடுத்துச் செல்லுங்கள். அதில் ஒரு நடையாவது வேண்டுமென்றே நனைத்துக்கொண்டு நடந்ததாக இருக்கட்டும். காய்ந்த ஷூவில் உரசாத இடம் ஈர ஷூவில் உரசும், எங்கே கொப்புளம் வரும் என்பது ஊரிலேயே தெரிந்துவிடும். அந்த இடத்தில் நடைக்கு முன்பே துணி பிளாஸ்டர் ஒட்டுங்கள், கொப்புளம் வந்தபின் ஒட்டுவது தாமதம்.

காலுறை நான்கு ஜோடி, பாலியஸ்டர் அல்லது கம்பளிக் கலப்பு. பருத்தி வேண்டாம். மூன்று ஜோடி நடைக்கு, ஒன்று தூங்க மட்டும். பகலில் ஷூ முழுக்க ஈரமாக இருப்பதைத் தவிர்க்க முடியாது, அதோடு சண்டை போடாதீர்கள். ஆனால் இரவில் 7, 8 மணி நேரம் பாதம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். அறைக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, பவுடர் போட்டு, அந்த நான்காவது ஜோடி. இதைத் தவறவிட்டால் தோல் வெளுத்துச் சுருங்கி, சேற்றுப்புண்ணாகி, மூன்றாம் நாள் செருப்பே போட முடியாது. தொடையிடுக்கிலும் படர்தாமரை வரும். அதற்குக் குளோட்ரிமசோல் மட்டும் உள்ள களிம்பு வாங்குங்கள். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கொடுப்பார்கள். அது அரிப்பை உடனே அடக்கும், பூஞ்சையை உள்ளுக்குள் வளர்க்கும். டியூபில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்ற பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உடையிலும் இதே முறைதான்: ஒரு ஈரத் தொகுப்பு, ஒரு உலர் தொகுப்பு. மெல்லிய பாலியஸ்டர் பேன்ட், முழுக்கைச் சட்டை நடைக்கு. மறுநாள் காலை அவை காயாமல் இருந்தாலும் அதையே போடுங்கள், ஐந்து நிமிடத்தில் உடம்புச் சூடு ஏறிவிடும். உலர்ந்த உடையைக் காலையில் போட்டுக்கொண்டு கிளம்ப ஆசை வரும். போட்டால் அன்றிரவு இரண்டுமே ஈரம். ஜீன்ஸ் கூடவே கூடாது. துவட்டிக்கொள்ள டர்க்கி டவல் அங்கே காயாது, நம் ஈரிழைத் துண்டுதான் சரி, அறை மின்விசிறியில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

முதுகுப்பையின் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கமும் தோள்பட்டை வாரும் திறந்தே இருப்பதால் தண்ணீரும் வியர்வையும் அந்த வழியாக உள்ளே இறங்கும். பைக்கு உள்ளே தடித்த பாலிதீன் உறை, 100 மைக்ரான், பையின் உயரத்தைவிட ஒன்றரை மடங்கு நீளம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்தக் கடைகளில் கிடைக்கும். பொருளை வைத்து, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி, மடக்கி, ரப்பர் பட்டை போடுங்கள். உலர் உடையும் மருந்தும் அதற்குள் இன்னொரு தனி உறையில். அக்டோபர், நவம்பர் மழையில் ஏற்காட்டில் இதைச் சோதித்துப் பாருங்கள். உள்ளே ஒரு செய்தித்தாளை வைத்து இரண்டு மணி நேரம் மழையில் நடந்தால் ஓட்டை எங்கே என்று தாள் சொல்லிவிடும். கேமராவோடு சிலிக்கா ஜெல் வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவை மூடிய உறையிலேயே முக்கால் மணி நேரம் விட்டு எடுத்தால் லென்ஸ் வியர்க்காது.

இனி கடல். சேலத்துக்காரர்கள் அதிகம் கவனிக்காதது இதுதான். சேடில் பீக் பாதை ஒரு வழி சுமார் 8 கி.மீ. முதல் பகுதி கரையோரம், பிறகுதான் காட்டுக்குள் ஏற்றம். கரைப் பகுதியில் கடல் வற்றியிருந்தால் இறுகிய ஈர மணலில் மணிக்கு 3 கி.மீ. நடக்கலாம். ஏறியிருந்தால் மேலே உள்ள பொலபொல மணலிலும் பாறைகளிலும் விழுந்த மரங்களிலும் ஏறி இறங்கி மணிக்கு ஒன்று, ஒன்றரை கி.மீ.தான். இளகிய மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி போகும்.

அங்கே கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரம் சொச்சம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அந்தச் சமயத்தில் வித்தியாசம் 2 மீட்டர் வரை இருக்கும். அஷ்டமியை ஒட்டி மிகக் குறைவு. வீட்டுத் தினசரி காலண்டரின் திதியே பாதி அலை அட்டவணை. ஒரே கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் வற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே மணிக்கு வருவதால்தான் மீனவர்கள் திதியைக் கேட்டே நேரம் சொல்கிறார்கள். துல்லியமான நேரத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் அலை அட்டவணையில் போர்ட் பிளேருக்கான பக்கத்தையோ, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் தகவலையோ கிளம்பும் முன்பே அச்செடுத்து வையுங்கள். அங்கே நெட் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். காலிபூரில் ஒரு படகுக்காரரிடமும் கேட்டுச் சரிபாருங்கள்.

ஏற்றம் சீராக நடப்பதில்லை. மொத்த உயரத்தைப் 12 பங்காக்கினால் ஆறு மணி நேரத்தில் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். 2 மீட்டர் வித்தியாசமென்றால் முதல் மணியில் 17 செ.மீ., மூன்றாம் நான்காம் மணிகளில் தலா அரை மீட்டர். முதல் மணி நேரத்தைப் பார்த்து 'மெதுவாகத்தானே ஏறுகிறது' என்று பாறை முனையைத் தாண்டி உட்கார்ந்தவர்கள் மாட்டுவது இப்படித்தான்.

இதை வைத்து உச்சிக்குப் போகும் நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை 6 மணிக்கு வற்றமென்றால் 12.15 வாக்கில் ஏற்றம், மாலை 6.30க்கு மறுபடி வற்றம். காலையில் கெட்டி மணலில் போகிறீர்கள், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் காட்டுக்குள் இருக்கிறீர்கள், 3 மணிக்குக் கரை வழியாகத் திரும்பும்போது கடல் இறங்கிக்கொண்டிருக்கிறது. இது நல்ல நாள். மாறாக நடுப்பகலில் வற்றமென்றால் போகும்போதும் ஏற்றம், வரும்போது கடல் ஏறிக்கொண்டிருக்கும். அது வேண்டாத நாள். ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழாகிவிடும் என்பதால் விமான டிக்கெட் எடுக்கும் முன்பே அட்டவணையைப் பாருங்கள். திக்லிபூரில் குறைந்தது மூன்று பகலாவது வைத்துக்கொண்டால் ஒரு நாள் மழையில் போனாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

இருட்டும் அப்படியே. அந்தமான் நமக்குக் கிழக்கே 15 பாகை தள்ளி இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றே. பிப்ரவரி நடுவில் சேலத்தில் சூரியன் 6.20 தாண்டி மறையும். திக்லிபூரில் 5.25க்குள் மறைந்துவிடும். கர்ஜன், படாக் மரங்களின் அடர்ந்த நிழலில் 4.45க்கே வேர் கண்ணுக்குத் தெரியாது. விடிவது 5.40க்கு. பாதை தொடங்கும் வனத்துறைச் செக்போஸ்டில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று முந்தின நாளே கேட்டு, திறந்தவுடன் கிளம்புங்கள். உச்சி எவ்வளவு அருகில் தெரிந்தாலும் 11 மணிக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்பதை நால்வரும் முதல் நாள் இரவே ஒப்புக்கொள்ளுங்கள். மலை மேல் நின்று விவாதித்தால் களைத்தவர் குரல் எடுபடாது. ஆளுக்கொரு தலைவிளக்கு, மாற்று பேட்டரியோடு.

கடிகள். மணல் ஈக்கள் காலையும் மாலையும் ஈர மணலில் கணுக்காலைத் தேடி வரும், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கரையில் உட்காரும் முன் முழங்கால் வரை தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசினால் அவை ஒட்டிக்கொள்ளும், கடிக்க முடியாது. கடித்துவிட்டால் சொறியாதீர்கள், சீழ் பிடிக்கும். இரவில் செட்ரிசின் உதவும். கொசுவுக்கு ஓடோமாஸ் போன்ற களிம்பு, வியர்த்து வழிந்தபின் மறுபடி.  அட்டை ஏறினால் உப்போ நெருப்போ வைக்காமல் நகத்தால் அதன் வாயருகே தள்ளி எடுங்கள். ரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. காலையில் ஷூவை உதறாமல் காலை விடாதீர்கள், அந்தமான் பூரான் பெரிது, வலியும் அதற்கேற்றது. கையூன்றும் கிளையைப் பார்த்துப் பிடியுங்கள், கிளையில் விரியன் அசையாமல் இருக்கும். கறுத்துக் காயும் பால் வடிகிற மரங்களைத் தொடாதீர்கள், சேராங்கொட்டை இனம் அங்கே உண்டு, தோல் கொப்பளிக்கும்.

உவர்நீர் முதலை பற்றி ஒரே விதி. ஓடை கடலில் கலக்கும் இடத்திலும் அலையாத்திக் காட்டோரத்திலும் குளிக்காதீர்கள், பாத்திரம் கழுவாதீர்கள், மீன் சுத்தம் செய்யாதீர்கள். கடக்க வேண்டியிருந்தால் நல்ல வெளிச்சத்தில், வற்றத்தில், உள்ளூர்க்காரர் கடக்கும் இடத்தில் மட்டும். தரை 20 நொடிக்கு மேல் பலமாக ஆடினால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்த கரைகள் இவை.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏற்காடு எக்ஸ்பிரஸில் அதிகாலை சென்னை இறங்கி விமானம் பிடிக்கலாம், இரண்டேகால் மணி நேரப் பயணம். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-அவருக்குள். தீப்பெட்டியும் கேஸ் குப்பியும் கூடாது. போர்ட் பிளேர், இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில் அன்றிரவு தங்கி மறுநாள் விடியலுக்கு முன் பஸ். திக்லிபூர் 300 கி.மீ.க்கு மேல், முழு நாள் பயணம். வழியிலுள்ள ஜிர்காடாங் செக்போஸ்டிலிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காப்பிடம் வழியாக வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் கான்வாயாக மட்டுமே போகும். அங்கே இறங்குவதும் படமெடுப்பதும் தின்பண்டம் நீட்டுவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அது அவர்களுடைய வீடு, ஜன்னலுக்கு வெளியே கேமராவே போக வேண்டாம். சாட்டிலைட் போனும் சாட்டிலைட் செய்திக் கருவியும் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது, வாங்காதீர்கள். ஒரு பி.எஸ்.என்.எல். சிம், நான்கு நாள் செலவுக்கு ரொக்கம், விடுதியில் எழுதிவைத்த திரும்பும் நேரம், இவை போதும். சங்கு, பவளம் பொறுக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடிப்பார்கள். காலிபூரில் அந்த மாதத்தில் ஆமைகள் முட்டையிட வரும். இரவில் கரைக்குப் போனால் வனத்துறையினரோடு மட்டும், வெள்ளை விளக்கு இல்லாமல்.

கடைசியாக, திரும்பியபின். வட அந்தமானில் எலிக்காய்ச்சல் பரவலாக உண்டு. சேற்றிலும் தேங்கிய நீரிலும் உள்ள கிருமி சின்னக் கீறல் வழியாகப் புகும். கீறலை அன்றன்றே கழுவிப் போவிடோன் தடவுங்கள். அதற்கான தடுப்பு மாத்திரை, மலேரியா மாத்திரை இரண்டையும் பற்றிப் பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். ஊர் வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். அன்றே சேலம் அரசு மருத்துவமனைக்கோ உங்கள் டாக்டரிடமோ போய், அவர் கேட்காவிட்டாலும், "அந்தமான் காட்டில் இருந்தேன், ஓடையில் இறங்கினேன், அட்டையும் கொசுவும் கடித்தன" என்று தேதியோடு சொல்லுங்கள். மலேரியா, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், டெங்கு நான்குக்கும் ரத்தம் பார்க்கச் சொல்ல அந்த ஒரு வரி போதும்.